வெள்ளி உருண்டையிலிருந்து எழுந்த புகை

ஜனவரி 12

என் அருமைச் சுண்டெலிக்கு,

அண்ணன் எழுதுறது. மலை உச்சியில மூக்கு உறைஞ்சு விழாம முழுசா இருக்கியா? இங்க நாங்க மூணு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு சௌகரியமாத்தான் இருக்கோம். உன் அண்ணிக்கு மட்டும் என் மேல கோபம். அது புதுசு இல்ல, விடு.

கோபத்துக்குக் காரணத்தைக் கேளு. ஆஸ்பத்திரிங்க எல்லாம் பாதரசம் வெச்ச பழைய பிரஷர் மெஷினை ஓரங்கட்டிட்டு பேட்டரி மெஷினுக்கு மாறுறாங்க. பழசு அத்தனையும் என் தலையில வந்து விழுது. ரிப்பேர் கடையில இடம் பத்தல. வீட்டு முன்ரூம்ல கம்பளத்து மேல மேஜையைப் போட்டு, அங்கயே பிரிச்சுக்கிட்டு இருக்கேன். ஒவ்வொண்ணுலயும் கண்ணாடிக் குழாயைக் கழட்டி, பாதரசத்தை வடிச்சு, பாட்டில்ல சேர்க்கணும். வீடா பட்டறையான்னு அவ கத்துறா.

ஆனா பூசணி இருக்கானே, அவனுக்கு இதுதான் சொர்க்கம். நாலு வயசுப் பையன், ஒரு இடத்துல ரெண்டு நிமிஷம் உட்காராதவன், ஒரு தட்டுல ஒரு சொட்டு பாதரசத்தை விட்டுக் கொடுத்தா மணிக்கணக்கா அசையமாட்டேங்குறான். விரலால குத்துவான், அது பத்தா உடைஞ்சு ஓடும். தட்டைச் சாய்ப்பான், பத்தும் ஓடிவந்து ஒண்ணாகும். ஒவ்வொரு தடவையும் "அப்பா! ஒட்டிக்கிச்சு!"ன்னு கத்துறான். இருபது வருஷமா இதைத் தொட்டுப் பொழைக்கிறேன், எனக்கே இப்பதான் அது எவ்வளவு பெரிய அதிசயம்னு தெரியுது. தண்ணி மாதிரி ஓடுது, விரல்ல ஈரம் இல்ல. ஒவ்வொரு உருண்டையிலயும் எங்க ஜன்னல் தெரியுது, அவன் மூஞ்சி தெரியுது.

பயப்படாதே. வாயில வைக்கக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்கேன். என் ரெண்டு கண்ணும் அவன் வாய் மேலதான் இருக்கும்.

ஜீப் வர்றப்ப மறக்காம பதில் போடு. கம்பளி போட்டுக்கோ.

உன் அண்ணன்


பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூக்கு பத்திரமா இருக்கு, காதுதான் இருக்கா இல்லையான்னு அப்பப்போ தொட்டுப் பார்த்துக்கறேன். நீயும் அண்ணியும் பூசணியும் நல்லா இருக்கீங்கன்னு படிச்சதும் ஒரு டீ கூடக் குடிச்சேன். ஜீப் மாசத்துக்கு ரெண்டு தடவைதான் மேல வருது. போன் எடுக்காது. வயர்லெஸ்ல வானிலை விவரம் தவிர வேற எதுவும் பேசக்கூடாதுன்னு பெரியவர் உத்தரவு. பெரியவர்னா நான் சமைச்சுப் போடுற இந்த வானிலை நிலையத்துத் தலைவர். சிரிச்சு யாரும் பார்த்ததில்ல.

இங்க காலையில எழுந்தா மேகம் காலுக்குக் கீழ கிடக்கு அண்ணா. மேல நான், என் சமையலறை, ஒரு கம்பம், அவ்வளவுதான். கீழ யாருக்கோ மழை பெய்யுது, நான் மேல வெயில்ல துணி காயப்போடுறேன். வந்து இத்தனை மாசமாச்சு, இன்னும் வாயைப் பொளந்துக்கிட்டுத்தான் நிக்கறேன்.

காத்தழுத்தம் அளக்கிற பாரமானி இருக்கிற அறைக்குத்தான் முதல்ல போவேன். கை நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், உள்ள நீ வடிக்கிற அதே பாதரசம். தலைக்கு மேல இருக்கிற மொத்த வானத்தோட எடையும் அதை அழுத்திக்கிட்டு இருக்கு. ஒரு நூல் இறங்கினா, மறுநாள் புயல். நீ அதே பாதரசத்தை வெச்சு மனுஷன் ரத்தம் எவ்வளவு வேகத்துல முட்டுதுன்னு அளக்கறே. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே முதலாளி அண்ணா.

பூசணிக்கு அத்தையோட முத்தம். அண்ணியைக் கத்தவிடு, நியாயம் அவங்க பக்கம்தான்.

உன் சுண்டெலி


மார்ச் 2

சுண்டெலி,

உன் கடிதம் வந்துச்சு. மேகத்துக்கு மேல துணி காயப்போடுறவளே, சளி கிளி பிடிக்காம இருக்கியா? இங்க எல்லாரும் பரவாயில்ல.

பூசணிக்கு மட்டும் கொஞ்சம் உடம்பு சரியில்ல. கையெல்லாம் சிவந்து கிடக்கு, உள்ளங்கால்லயும் அப்படித்தான். ராத்திரி தூங்கமாட்டேங்குறான், எங்களையும் தூங்கவிடமாட்டேங்குறான். வேர்த்து வேர்த்துக் கொட்டுது. டாக்டர் அலர்ஜின்னு சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார். மார்ச் வந்தும் இங்க குளிர் விடாததால ஜன்னலெல்லாம் சாத்தி, முன்ரூம்லயே ஹீட்டரைப் போட்டு அவனைப் படுக்க வைக்கிறோம். அழறப்ப தட்டுல ஒரு சொட்டு விட்டுக் கொடுத்தா கொஞ்ச நேரம் அமைதியா இருக்கான். அதுவும் முன்ன மாதிரி சிரிக்கிறதில்ல, சும்மா பார்த்துக்கிட்டே இருக்கான்.

எழுத்து கோணலா இருக்குன்னு கிண்டல் பண்ணாதே. பேனா சரியில்ல.

வேலை தலைக்கு மேல. உடம்பைப் பார்த்துக்கோ.

அண்ணன்


மார்ச் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்ல. பூசணிக்குத்தான் என்னன்னு மனசு அடிச்சுக்குது. களிம்பு போட்டுக் குறைஞ்சுதா? சாப்பிடுறானா? போன தடவை நான் வந்தப்ப என் தட்டுலயிருந்தும் எடுத்துச் சாப்பிட்டவன் அவன். நீ "கொஞ்சம் உடம்பு சரியில்ல"ன்னு எழுதினா அதை நான் நாலால பெருக்கித்தான் படிப்பேன், உன்னை எனக்குத் தெரியாதா?

இன்னொண்ணு. பேனா மேல பழி போடாதே. பேனா சரியில்லன்னா மை விட்டுவிட்டு வரும். உன் கோடு நடுங்கி இருக்கு. தூக்கம் இல்லாமயா? உண்மையைச் சொல்லு.

இங்க நேத்து ஒரு இடி கம்பத்துலயே இறங்குச்சு. கம்பத்துக் கம்பி முழுக்க நீலமா எரிஞ்சு அணைஞ்சுது. அதைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதலாம்னு இருந்தேன். மனசு வரல. பதில் போடு அண்ணா, ஒரு வரி போதும்.

சுண்டெலி


ஏப்ரல் 11

தங்கச்சிக்கு,

நாங்க இருக்கோம். நீ நல்லா இருப்பேன்னு நம்புறேன்.

கவலைப்படாதே. ஒரே ஒரு மெஷின்தான் என்னைப் படுத்தி எடுக்குது. அளந்தா எக்கச்சக்கமா காட்டுது, வயசானவங்களுக்குக்கூட அவ்வளவு வராது. பிரிச்சேன், துடைச்சேன், புதுப் பாதரசம் ஊத்தினேன். மறுபடியும் அதே. வேற மெஷினை எடுத்தேன், அதுவும் அப்படியே. ராவும் பகலும் முன்ரூம்ல உட்கார்ந்து பிரிச்சுப் பிரிச்சு மாட்டுறேன். என் கையில சரியாகாத மெஷின் இதுவரைக்கும் கிடையாது. சரி பண்ணிடுவேன்.

அண்ணன்


ஏப்ரல் 13

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுறேன். நான் உனக்குத் தனியா எழுதுறது இதுதான் முதல் தடவை. நீ அங்க தைரியமா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு எழுதுறேன்.

உங்க அண்ணன் மெஷினைப் பத்தி எழுதியிருப்பார். அந்த மெஷின் பட்டை சுத்தியிருக்கிறது நம்ம பூசணியோட கையில. ஆஸ்பத்திரியில பார்த்தாங்க, பிள்ளைக்குப் பிரஷர் ரொம்ப அதிகம்னாங்க. நாலு வயசுப் பிள்ளைக்கு எப்படி வரும், உங்க மெஷின் தப்புன்னு இவர் அங்கயே சண்டை போட்டார். வீட்டுக்கு வந்து தன் மெஷின்ல பார்த்தார். அதே அளவு. அன்னையிலிருந்து மெஷினைப் பிரிக்கிறார், மாட்டுறார், பிள்ளை கையில சுத்துறார், மறுபடி பிரிக்கிறார். எங்க பார்த்தாலும் அந்த வெள்ளிச் சொட்டு. நான் விளக்குமாத்தை வெச்சுப் பெருக்கிப் பெருக்கித் தள்ளுறேன்.

பிள்ளை இப்ப நடக்கமாட்டேங்குறான். காலைத் தரையில வெச்சா எரியுதுன்னு துடிக்கிறான். கைத்தோல் உரிஞ்சு வருது. வெளிச்சம் பட்டா கண்ணைப் பொத்திக்கிறான். முடி கொட்டுது. பூசணின்னு கூப்பிடவே வாய் வரல, அவ்வளவு மெலிஞ்சிட்டான். தொட்டா அழறான், தொடாட்டியும் அழறான். பிரஷர் ஏறினதுக்கு வயித்துல ஏதாவது கட்டி காரணமா இருக்கலாம், திறந்து பார்க்கணும்னு பெரிய டாக்டர் சொல்றார். அடுத்த மாசம் ஆபரேஷன் வைக்கலாம்னு பேச்சு.

இவர் இதை உனக்கு எழுதமாட்டார். எழுதிட்டா நிஜமாயிடும்னு நினைக்கிறார் போல. எனக்கு யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. உன்னால அங்கிருந்து என்ன பண்ண முடியும்னு தெரியல, ஆனாலும் எழுதிட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 25

அண்ணா, அண்ணி, ரெண்டு பேருக்கும்,

நலம் விசாரிக்க நேரமில்ல. இந்தக் கடிதம் வர்றதுக்கு முன்னாடியே எங்க தலைமை அலுவலகத்திலிருந்து உங்க வீட்டுக்குக் கீழ இருக்கிற மருந்துக் கடைக்குப் போன் வந்திருக்கும். அப்படிப் பண்ணச் சொன்னது நான்தான். ஏன்னு இப்ப எழுதுறேன். பொறுமையா முழுசும் படிங்க.

இந்த வாரம் எங்க பாரமானியை எடுத்துட்டுப் போக ஒரு அம்மா வந்தாங்க. நாட்டுல இருக்கிற பாதரசக் கருவியெல்லாம் கழட்டிச் சேகரிக்கிறதுதான் அவங்க வேலை. இறக்கறப்ப குழாய் விரிசல் விட்டு, தரையெல்லாம் உருண்டை ஓடுச்சு. நான் குனிஞ்சு கையால அள்ளப் போனேன். அந்தம்மா என் சட்டையைப் பிடிச்சு இழுத்து வெளியே தள்ளினாங்க. எனக்குக் கோபம் வந்துச்சு. "விழுங்கவா போறேன்?"னு கேட்டேன்.

அவங்க முகமூடியைக் கொடுத்து, இன்னொரு அறைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. விளக்கையெல்லாம் அணைச்சுட்டு, பெட்டியிலிருந்து ஒரு சின்ன விளக்கை எடுத்தாங்க. அதோட வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. எதிர்ல ஒரு பலகை வெச்சாங்க, அந்த வெளிச்சம் பட்டதும் பலகை பச்சையா ஒளிர்ந்துச்சு. நடுவுல ஒரு தட்டுல ஒரே ஒரு சொட்டு பாதரசம். அசையாம, பளபளன்னு, சமர்த்தா உட்கார்ந்திருந்துச்சு.

பலகையில அதோட நிழல் விழுந்துச்சு அண்ணா. அந்த நிழலோட தலையிலிருந்து புகை எழும்பிக்கிட்டு இருந்துச்சு.

தட்டைப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. பலகையைப் பார்த்தேன், கறுப்புப் புகை சுருள் சுருளா எழுந்து வழிஞ்சு தரைப் பக்கம் இறங்குது. மறுபடி தட்டைப் பார்த்தேன், காத்துதான் இருக்கு. மேகத்துக்கு மேல இருக்கேன்னு பெருமை பேசினவ, இப்படி ஒண்ணை என் வாழ்நாள்ல பார்த்ததில்ல. அந்தம்மா தட்டுக்கு அடியில உள்ளங்கையை வெச்சாங்க. வெறும் கைச்சூடுதான். புகை ரெண்டு மடங்கா கிளம்புச்சு.

"இதை அடுப்புல வைக்கலை, கொதிக்கலை. அறையில சும்மா இருந்தாலே இப்படித்தான்"ன்னாங்க. "விழுங்கினாக்கூட பெரும்பாலும் அப்படியே வெளியே போயிடும். மூச்சுலதான் உள்ள போய்த் தங்கும். தரையோரம்தான் அதிகமா இருக்கும். சின்னப் பிள்ளைங்க மூக்கு அங்கதான் இருக்கு, நம்மளைவிட வேகமா மூச்சும் விடுறாங்க."

நான் அப்ப பூசணியோட தட்டைத்தான் நினைச்சேன். சாத்தின ஜன்னலை நினைச்சேன், ஹீட்டரை நினைச்சேன். அன்னைக்கு சாயங்காலமே ஜீப்ல உங்க ரெண்டு கடிதமும் வந்துச்சு. அண்ணி எழுதினதை அந்தம்மாகிட்ட சத்தமாப் படிச்சேன். சிவந்த கை, உரியிற தோல், வேர்வை, பிரஷர். பாதிக்கு மேல கேட்க அவங்க உட்காரல, எழுந்து பெரியவரைக் கூப்பிட்டாங்க. "இது பாதரசம்தான்"ன்னாங்க. பெரியவர் உடனே புயல் எச்சரிக்கைக்குன்னு வெச்சிருக்கிற அலைவரிசையை எனக்குத் திறந்து விட்டார். அதுலதான் தலைமை அலுவலகத்துக்கு விஷயத்தைச் சொன்னேன்.

செய்ய வேண்டியது இதுதான். அந்த வீட்டுக்குள்ள திரும்பப் போகாதீங்க. பெருக்காதீங்க அண்ணி, பெருக்கப் பெருக்க அது பொடியாகி இன்னும் புகையும். போட்டிருந்த துணி, படுக்கை, கம்பளம், பிள்ளையோட செருப்பு எதையும் எடுக்காதீங்க. டாக்டர்கிட்ட "பாதரசம்"னு சொல்லி, பிள்ளையோட மூத்திரத்தைச் சோதிக்கச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி வயித்தைத் திறக்க விடாதீங்க.

அண்ணா, மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல.

சுண்டெலி


மே 16

அன்பு நாத்தனாருக்கு,

நீ நல்லா இருக்கணும், உன் குலம் விளங்கணும். முதல்ல அதை எழுதிக்கிறேன்.

மருந்துக் கடைக்காரர் மூச்சிரைக்க மாடி ஏறி வந்து விஷயத்தைச் சொன்னப்ப, உங்க அண்ணன் கையில மெஷின் திறந்து இருந்துச்சு. அப்படியே வெச்சார். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெறுங்காலோட இறங்கினார். நான் பின்னாடியே ஓடினேன். கதவு திறந்தே கிடந்துச்சு.

டாக்டர் முதல்ல நம்பல. இவர் என்ன தொழில் பண்றார்னு கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழ வெச்சுட்டார். சோதனை முடிவு வந்ததும் ஆபரேஷன் இல்லைன்னுட்டார். கட்டி எதுவும் இல்ல. பிள்ளை உடம்பு முழுக்க பாதரசம்.

சுத்தம் பண்றவங்க வந்தப்ப நான் வாசல்ல நின்னு பார்த்தேன். உள்ள விளக்கை அணைச்சுட்டு டார்ச்சைத் தரையோட தரையா சாய்ச்சுப் பிடிச்சாங்க. தரைப் பலகை இடுக்குல, கம்பளத்து நூல்ல, அவன் தலையணை ஓரத்துல, பொம்மை லாரிக்குள்ள, எங்கெங்கயும் மினுங்குச்சு. நான் தினமும் துடைச்ச தரை அது. அவ்வளவு அழகா இருந்துச்சு. நான் அங்கயே உட்கார்ந்துட்டேன்.

பிள்ளைக்கு மருந்து ஆரம்பிச்சிருக்காங்க. என் அக்கா வீட்டுல இருக்கோம். இன்னும் நடக்கல, இன்னும் சிரிக்கல. மாசக்கணக்காகும்னு டாக்டர் சொன்னார். பழையபடி ஆவானான்னு கேட்டேன். பார்ப்போம்னார்.

அண்ணி


ஜூன் 7

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க கடிதத்தைச் சமையலறையில நின்னுக்கிட்டே படிச்சேன், அடுப்புல பால் பொங்கி வழிஞ்சுடுச்சு. நீங்க சாப்பிடுறீங்களா, தூங்குறீங்களா? பெரியவர் தினமும் காலையில வந்து "பையன் எப்படி?"ன்னு கேட்கிறார். ஜீப் வராத நாள்லயும் கேட்கிறார்.

அண்ணா ஏன் எழுதல? ஒரு வரிகூட இல்ல. அந்த அறையில எல்லாரையும்விட அதிக நேரம் உட்கார்ந்தது அவன்தான். அவன் கையைப் பாருங்க அண்ணி. ஒரு டம்ளர் தண்ணி கொடுத்து, தளும்பாம குடிக்கிறானான்னு பாருங்க. அவனையும் சோதிக்கச் சொல்லுங்க. நீங்களும் பார்த்துக்கோங்க. அவன் முரண்டு பிடிச்சா, தங்கச்சி காலைப் பிடிச்சுக் கேட்டான்னு சொல்லுங்க.

அண்ணா, இதை நீயும் படிப்பேன்னு தெரியும். நீ தப்பா நினைச்சது ஒண்ணே ஒண்ணுதான். உன் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சே. எந்த அப்பாதான் அப்படி நினைக்கல? எழுது அண்ணா.

சுண்டெலி


ஆகஸ்ட் 19

என் சுண்டெலிக்கு,

அண்ணன்தான். எழுத்து வரிக்கு மேலயும் கீழயும் ஓடுறதைப் பொறுத்துக்கோ. நீ சொன்ன டம்ளர் சோதனையில உன் அண்ணி முன்னாடி சட்டையெல்லாம் நனைச்சுக்கிட்டேன். எனக்கும் மருந்து நடக்குது. முன்னைக்கு இப்ப நடுக்கம் குறைவு. உன் அண்ணிக்குக் கொஞ்சம்தான் இருந்துச்சு, தேறிட்டா. நீ உடம்பைப் பார்த்துக்கிட்டு பத்திரமா இருக்கியா? பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லு. அந்தம்மாவுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

எழுதணும்னு உட்காருவேன், அந்தத் தட்டு கண்ணு முன்னாடி வரும், எழுந்து போயிடுவேன். மெஷின் அத்தனை தடவையும் உண்மையைச் சொல்லுச்சு. ஊர்ல யார் பிரஷரை அது சொன்னாலும் நம்புவேன், என் பிள்ளைக்குச் சொன்னப்ப நம்பல. இப்ப பேட்டரி மெஷின்தான் பார்க்கிறேன். மிச்சமிருந்த பாதரச மெஷின் எல்லாத்தையும் அந்தம்மாவோட ஆட்கள் மூடி போட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க.

ஆனா இன்னொண்ணு எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். மருந்து கொடுத்து, நாள் பூரா அவன் மூத்திரத்தை ஒரு கேன்ல பிடிச்சு சோதனைக்குக் கொடுப்போம். அதைப் பிடிக்கிறது என் வேலை. ஒவ்வொரு தடவையும் அதுல எவ்வளவு பாதரசம் போச்சுன்னு கணக்குச் சொல்வாங்க. நான் அந்தக் கேனையே பார்த்துக்கிட்டு இருப்பேன். உள்ளங்கை அளவுகூட இல்லாத சிறுநீரகம் ரெண்டு, நாம தூங்கறப்பவும், அழறப்பவும், சண்டை போடுறப்பவும் விடாம வேலை செஞ்சு, நான் உள்ள போட்டதைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியே தள்ளுது. யாரும் சொல்லித் தரல. பழைய உள்ளங்கால் தோல் மொத்தமும் உரிஞ்சு விழுந்து, அடியில புதுசா ஒண்ணு வந்துச்சு, பிறந்த அன்னைக்கு இருந்த மாதிரி. நான் மெஷின் ரிப்பேர் பண்றவன். இப்படித் தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கிற மெஷினை நான் பார்த்ததே இல்ல.

ராத்திரி நாலஞ்சு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்குறான். பிரஷர் இறங்கிடுச்சு. நர்ஸ் அளவைச் சொன்னப்ப மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன். இன்னும் எல்லாம் சரியாகல. சில வார்த்தை தேடித்தான் பேசுறான். அது வருமா வராதான்னு இப்பவே சொல்ல முடியாதுங்கிறார் டாக்டர். அந்த பயம் என்னை விட்டுப் போகல, உன்கிட்ட மறைக்கல.

நேத்து சாயங்காலம் அவனை இடுப்புல வெச்சுக்கிட்டு வெளியே நின்னேன். "இறக்கு"ன்னான். எனக்குப் புரியல. "அப்பா, இறக்கு"ன்னான். கால் எரியும்டான்னேன். கேட்கல, நழுவி இறங்கிட்டான். ரெண்டு நிமிஷம் தரையையே பார்த்துக்கிட்டு நின்னான். அப்புறம் ஓடினான் சுண்டெலி. தள்ளாடிக்கிட்டு, ஒரு பக்கம் சாய்ஞ்சுக்கிட்டு, தெருவோட பாதி தூரம் ஓடி, குப்புற விழுந்தான். முட்டியில நல்ல சிராய்ப்பு. ரத்தம். ஓன்னு அழுகை. உன் அண்ணி பதறிக்கிட்டு ஓடி வந்து, "பிள்ளை விழுந்து கிடக்கான், நீங்க நின்னு சிரிக்கிறீங்களே"ன்னு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினா. நான் சிரிப்பை நிறுத்த முடியாம அங்கயே உட்கார்ந்துட்டேன். ஓடினதாலதானேடி சுண்டெலி விழுந்தான்.

உன் அண்ணன்